பெற்றவளைக் கேட்டீரா?

தோழா!

மாலை மணி 6. வேலை முடித்துக் களைத்து வீடு திரும்புகிறாள் ஒரு தாய். இளைய மகனைக் காணவில்லை. வயது 15 அவனுக்கு. தேடிவரும்படி மூத்தவனை அனுப்புகிறாள். போனவன் கொண்டுவந்த செய்தி என்ன தெரியுமா? தம்பியைக் காவலர் பிடித்துச் சென்றுவிட்டனர்! எப்போது? காலை 10 மணியளவில்! காலையில் பிடிபட்ட பிள்ளையைப் பற்றி மாலைவரை பெற்றவளுக்கு ஒரு சொல் வரவில்லை. வீட்டில் ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போகவும் எவருக்கும் தோன்றவில்லை. பதறி ஓடுகிறாள் சிறுவர் காவல் இல்லத்துக்கு. நாளைப் பிற்பகல் 3 மணிக்கு விசாரணை என்று அங்கே அவளிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்புகிறார் நன்னடத்தைத் துணை அலுவலர்.

நடந்தது நம் நாட்டில் அன்று. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தில், கிலா மாவட்டத்தில், 1964 ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 8 ஆம் நாள் நடந்தது. பையனின் பெயர் ஜெரால்டு கால்ட். அண்டை வீட்டு அம்மையாரிடம் தொலைபேசியில் அநாகரிகமாகப் பேசினான் என்பது புகார். குற்றம் அவ்வளவே!

மறுநாள் நீதிபதியின் அறையில் விசாரணை. தந்தை வெளியூரில் வேலையில் இருந்தார், வரவில்லை. புகார் கூறிய அம்மையாரும் வரவில்லை. எவரும் உறுதிமொழி ஏற்றுச் சாட்சி சொல்லவில்லை. பேசியதை எவரும் எழுதிவைக்கவும் இல்லை. நன்னடத்தை அலுவலர் தாக்கல் செய்த மனுவோ பெற்றோர் கண்ணில் காட்டப்படவே இல்லை. பிறகு ஒரு நாள் மாலை, தலைப்பெழுத்துக்கூட இல்லாத வெறுந்தாளில் ஒரு துண்டுக் குறிப்பு தாயின் கைக்கு வந்தது: 15 ஆம் நாள் காலை 11 மணிக்கு மேல்விசாரணை. அந்த நாளில், புகார் கூறியவரை வரவழையுங்கள், பேசியது எந்தப் பையன் என்று தெரியட்டும் என்று தாய் கேட்டாள். அவர் வரத் தேவையில்லை என்று கூறிவிட்டார் நீதிபதி. தீர்ப்பு? 21 வயதாகும்வரை அரசுத் தொழிற்பள்ளியில் அடைப்பு!

கணக்குப் போட்டுப் பார், தோழா! வயது வந்த ஒருவன் அதே குற்றத்தைச் செய்திருந்தால் அந்த மாநிலச் சட்டம் விதித்திருக்கக்கூடிய தண்டனை 5 முதல் 50 டாலர்வரை அபராதம். அல்லது இரண்டு மாதத்துக்கு மேற்படாத சிறை. பெரியவனுக்கு இரண்டு மாதம். சிறியவனுக்கு ஆறு ஆண்டு! இதைத் தண்டனை என்று சொல்லாதே, திருத்தம் என்று சொல் என்றனர். சிறை என்று சொல்லாதே, பள்ளி என்று சொல் என்றனர். பெயரை மாற்றினார்கள்; பூட்டை மாற்றவில்லை!

இந்தக் கொடுமைக்குப் பின்னே கொடியவர் எவரும் இல்லை என்பதுதான் வேதனை. 1899 ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் உலகின் முதல் சிறுவர் நீதிமன்றம் தொடங்கப்பட்டபோது அதைத் தொடங்கியவர்கள் நல்லவர்கள். பச்சைப் பிள்ளைகளைப் பாதகர்களோடு ஒரே கொட்டடியில் அடைத்த கொடுமையைக் கண்டு குமுறியவர்கள். அரசே இனி இப்பிள்ளைகளின் தந்தை என்றார்கள். தந்தைக்கும் மகனுக்கும் இடையே வழக்கறிஞர் எதற்கு, சாட்சி எதற்கு, எழுத்து எதற்கு என்றார்கள். கருணையில் தொடங்கிய பயணம், கேள்வி கேட்பாரில்லாத அதிகாரத்தில் போய் முடிந்தது. அரசு தந்தையாகலாம், தோழா. வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் பெற்ற தந்தையை வாயிற்படியில் நிறுத்திவிட்டு அரசு தந்தையாகக் கூடாது!

அந்தத் தாய் தந்தையர் ஓயவில்லை. சிறுவர் வழக்கில் மேல்முறையீட்டுக்கே இடமளிக்காத மாநிலம் அது. ஆட்கொணர் மனு என்ற ஒரே வாயில்தான் திறந்திருந்தது. அதன் வழியே புகுந்து, படிப்படியாக ஏறி, நாட்டின் உச்சநீதிமன்றத்தையே எட்டினார்கள். 1967 மே 15 அன்று தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஏப் ஃபோர்ட்டாஸ். குற்றச்சாட்டு என்னவென்று பிள்ளைக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையை இருவருக்கும் சொல்ல வேண்டும், வசதியில்லையேல் அமர்த்தித் தர வேண்டும். சாட்சியை எதிர்நின்று கேட்க இடம் தர வேண்டும். தனக்கு எதிராகத் தானே பேசும்படி பிள்ளையை வற்புறுத்தக் கூடாது என்றது அத்தீர்ப்பு. சிறுவனாயிருப்பது நீதியை இழப்பதற்குக் காரணமாகாது என்பதே அதன் சாரம்.

அங்கே அதன் பிறகு சட்டங்கள் திருந்தின. நீட்டிப்பு என்ற ஒன்றையே எடுத்துக்கொள். நியூயார்க் மாநிலத்தின் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, ஒரு பிள்ளையை விதித்த காலத்துக்கு மேலும் வைத்திருக்க வேண்டுமாயின், காலம் முடிவதற்கு 60 நாள் முன்பே மனுப் போட வேண்டும். தாமதமானால் தக்க காரணம் காட்ட வேண்டும். காலம் முடிந்த பின் மனுவே போட முடியாது. விசாரணை நடத்தியாக வேண்டும். ஒரு தடவைக்கு ஓராண்டுக்கு மேல் நீட்ட முடியாது. அதாவது, நீட்டிப்பு என்பது பழைய உத்தரவின் வால் அன்று, புதிய தீர்ப்பு. புதிய தீர்ப்புக்குப் புதிய காரணம் வேண்டும், புதிய விசாரணை வேண்டும். இந்த ஒரு கருத்தை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு என்னோடு நம் ஊருக்கு வா.

அண்மையில் ஒரு மாவட்டத் தலைநகரில் பொதுக்கூட்டம். பேசி முடித்து மேடையிலிருந்து இறங்கினேன். கூட்டம் கலைந்தபின்னும் ஒரு அம்மை மட்டும் ஒதுங்கி நின்றிருந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் கசங்கிய தாள்கள். பூக்கட்டி விற்றுப் பிழைப்பவள். கணவன் இல்லை. மகன் 16 வயதினன். செல்பேசி திருடியதாக வழக்கு. அவன் பெயரை நான் சொல்லமாட்டேன், சொல்லக் கூடாதென்று சட்டம் தடுக்கிறது, தடுப்பது நன்று. நான்கு மாதமாகக் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தான். வாய்தாதோறும் பூக்கூடையை இறக்கிவைத்துவிட்டு, அன்றைய கூலியை இழந்து, பேருந்துக்குக் கடன் வாங்கிக்கொண்டு சென்று வந்திருக்கிறாள்.

"போற போதெல்லாம் அடுத்த வாய்தாவுக்கு வான்னாங்க தம்பி. போன வாரம் வாசல்ல நிக்கிறவரு சொன்னாரு, இன்னும் ரெண்டு மாசம் தள்ளியிருக்குன்னு. எதுக்குன்னு கேட்டேன். தெரியாதுன்னுட்டாரு. என் புள்ளைய எதுக்கு ரெண்டு மாசம் தள்ளுனாங்க தம்பி?"

இரண்டு மணி நேரம் முழங்கிவிட்டு வந்த வாய், அந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் மூடிக்கொண்டது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான், சட்டம் கற்றவனல்லன். ஊரிலிருந்த தோழர் ஒருவர், வழக்கறிஞர், அடுத்த வாய்தாவுக்கு அவளோடு சென்றார். நானும் வெளியே காத்திருந்தேன். பிணை ஏன் மறுக்கப்பட்டது, காலம் ஏன் நீட்டப்பட்டது, அறிக்கையில் பெற்றவளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, அதன் சாரத்தையேனும் சொல்லுங்கள் என்று குழுமத்தை வேண்டினார் தோழர். சொன்னார்கள். வீட்டில் கவனிப்பார் எவரும் இல்லை — இதுதான் எழுதப்பட்டிருந்தது!

வெளியே வந்து அவளிடம் அதைச் சொன்னோம். அவள் அழவில்லை. நெடுநேரம் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கேட்டாள்: "கவனிக்க ஆளில்லையா? அப்ப நான் யாரு தம்பி?"

தோழா, அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. மற்றவை அதற்கு உரை.

முதலில் பிள்ளையைப் பிடித்தபோது கேட்கப்பட்ட கேள்வி, இவன் என்ன செய்தான் என்பது. நீட்டிக்கும்போது கேட்கப்படும் கேள்வி அதுவன்று. இவனை வெளியே விட்டால் எங்கே போவான், யார் பார்ப்பார், எந்தத் தெருவில் வளர்வான் என்பதே அப்போதைய கேள்வி. அதாவது, முதல் நாள் கூண்டில் நின்றவன் பையன். நீட்டிக்கும் நாளில் கூண்டில் நிற்பது வீடு! குடிசையின் கூரை விசாரிக்கப்படுகிறது. தாயின் கூலி விசாரிக்கப்படுகிறது. தந்தை இல்லாத குறை விசாரிக்கப்படுகிறது. குற்றம் சாட்டப்பட்டவள் அவள். ஆனால் அவளுக்கு அழைப்பில்லை! குற்றப்பத்திரிகை அவள்மீது, ஆனால் அவளுக்குப் படியில்லை! தீர்ப்பு அவள் குடும்பத்தின்மீது. அதை அவள் வாயிற்காவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள்! கேளாமல் தீர்ப்பளித்துவிட்டுப் பின் உண்மை அறிந்து அரியணையிலேயே உயிர்விட்ட மன்னனைப் பற்றிப் பெருமையோடு பேசும் தமிழகத்தில், கேளாமல் தீர்ப்பளிப்பது அன்றாட வழக்கமாகலாமா?

சட்டம் இப்படித்தான் சொல்கிறதா என்று கேட்பாய். இல்லை! சட்டம் நம் பக்கம் பேசுகிறது. அதைப் பேசவிடாமல் கோப்புக்குள் கட்டிவைத்திருக்கிறோம்.

சிறுவருக்கென்று தனிச் சட்டத்தை 1920 ஆம் ஆண்டிலேயே, இந்தியாவில் முதன்முதலாக, இயற்றிய மாகாணம் நமது சென்னை மாகாணம். இன்று நாடு முழுமைக்கும் நடப்பிலிருப்பது 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும், அவ்விருவரில் ஒருவரேனும் பெண்ணாக, அமர்ந்திருக்கும் இளைஞர் நீதிக் குழுமம் இவ்வழக்குகளை விசாரிக்கிறது. விசாரணையின் ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளையும் பெற்றோரும் விவரம் அறிந்து பங்குகொள்ளும்படி பார்த்துக்கொள்வது குழுமத்தின் கடமை என்கிறது 8 ஆம் பிரிவு. ஒவ்வொரு கட்டத்திலும்! நீட்டிக்கும் கட்டம் ஒரு கட்டமில்லையா?

பிள்ளையைப் பிடித்தவுடன் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 13 ஆம் பிரிவு. பிணையாள் இருந்தாலும் விடலாம், இல்லாவிட்டாலும் விடலாம் என்கிறது 12 ஆம் பிரிவு. பிணை மறுக்க மூன்றே காரணங்களை அது ஏற்கிறது: தெரிந்த குற்றவாளிகளோடு சேர்வான் என்பது, உடலுக்கோ உள்ளத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஊறு நேரும் என்பது, நீதியின் நோக்கம் கெடும் என்பது. மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். தாய் ஏழை என்பது அம்மூன்றில் எங்கே இருக்கிறது? பிணையின் நிபந்தனையை ஏழு நாளுக்குள் நிறைவேற்ற முடியாத பிள்ளையை மீண்டும் குழுமத்தின் முன் நிறுத்தி நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இத்தனையும் பூக்காரிக்கு யார் சொன்னார்?

விசாரணைக்கு நான்கு மாதம். காரணத்தை எழுத்தில் பதிந்தால் இன்னும் இரண்டே மாதம். இது 14 ஆம் பிரிவு. மூன்றாண்டுவரை மட்டுமே சிறைத் தண்டனைக்குரிய சிறு குற்றமாயின், நீட்டித்த காலத்துக்குள்ளும் விசாரணை முடியாவிட்டால் வழக்கே அற்றுப்போகும். சாதாரணத் திருட்டு இந்த வகையைச் சேர்ந்ததே! பெருங்குற்றமாயின் மேலும் காலம் வேண்டித் தலைமை நீதித்துறை நடுவரிடம் செல்ல வேண்டும். பிணை கிடைக்காத பிள்ளைக்கு விசாரணைக் காலம்தான் காவல் காலம். விசாரணை நீண்டால் அவன் அடைபட்ட நாளும் நீளும்.

விசாரணை முடிந்து சிறப்பு இல்லத்துக்கு அனுப்பினாலும் மூன்றாண்டுக்கு மேல் கூடாது என்கிறது 18 ஆம் பிரிவு. 16 வயது கடந்து, கொடுங்குற்றத்துக்காகக் குழந்தைகள் நீதிமன்றத்தில் பெரியவரைப் போல் விசாரிக்கப்பட்டவன் நிலை வேறு. 21 வயதுவரை அவன் பாதுகாப்பு இடத்தில் இருப்பான். காலம் மிச்சமிருந்தால் அவன் திருந்தினானா என்று அப்போது எடைபோடுகிறார்கள். ஒன்று, நிபந்தனையோடு விடுதலை. அல்லது, மிச்சக் காலத்துக்குச் சிறை! இதைவிடக் கொடிய நீட்டிப்பு உண்டா? அந்த எடைபோடலில் யாருடைய சொல் வேண்டும் என்று 20 ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. நன்னடத்தை அலுவலர் உண்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு உண்டு, சமூகப் பணியாளர் உண்டு, வல்லுநர் உண்டு. ஐந்தாண்டு வாயிலில் காத்து நின்ற தாயின் பெயர் அப்பட்டியலில் இல்லை!

இங்கேதான் நம் கோரிக்கை பிறக்கிறது. காரணத்தை எழுது என்று கட்டளையிட்ட சட்டம், அந்தக் காரணத்தைப் பெற்றோர் கையில் கொடு என்று நீட்டிப்புப் பிரிவில் தனியாகச் சொல்லவில்லை. ஆனால் இச்சட்டத்தின்கீழ் விதிகள் வகுக்கும் அதிகாரத்தை 110 ஆம் பிரிவு மாநில அரசுக்குத் தந்திருக்கிறது. எனவே டில்லியை நோக்கிக் கையேந்த வேண்டியதில்லை. கோட்டையிலேயே இதற்குப் பேனா இருக்கிறது. எந்தப் பிள்ளையின் காவலையும் நீட்டிக்குமுன், பெற்றோருக்குத் தமிழில், எழுத்தில், முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும். அறிக்கையின் சாரத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதைக் கேட்டுப் பதிய வேண்டும். கேளாமல் நீட்டிய நீட்டிப்பு செல்லாது என்று விதி எழுத வேண்டும். நாளைக்கே எழுதலாம்!

இதற்கு மறுப்புரைப்போர் உண்டு. அவர்களையும் கேட்போம், கேட்க வேண்டும் என்பதுதானே நம் வாதம்!

எல்லாப் பெற்றோரும் நல்லவரா என்பர். குடித்துவிட்டுப் பிள்ளையை அடிக்கும் தந்தை இல்லையா? மகளை விலை பேசும் கொடியவர் இல்லையா? உண்டு. மறுக்கவில்லை. ஆனால் பேசும் உரிமை வேறு, வெல்லும் உரிமை வேறு. கேட்ட பின் அவர் தகாதவர் என்று தெரிந்தால், தகாதவர் என்று எழுது; பிள்ளையை வேறு நல்ல கையில் ஒப்படை. கேளாமலே தகாதவர் என்று எழுதாதே! கயவனுக்கும் வாய் திறக்க இடம் தரும் நீதிமன்றம், பூக்காரிக்குத் தராதா?

பிள்ளையின் நன்மைக்குத்தானே வைத்திருக்கிறோம் என்பர். அரிசோனா நீதிபதியும் அப்படித்தான் நம்பியிருப்பார். நன்மை என்பது செய்பவர் சொல்லில் இல்லை. பெறுபவர் வாழ்வில் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் கடைசி நாளில் செங்கல்பட்டுக் கூர்நோக்கு இல்லத்தில் இருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டுபோனான். இல்லத்தின் பணியாளர்கள் கைதாயினர். ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது; இத்தகைய இல்லங்களை ஆராய்ந்து அவர் அறிக்கையும் அளித்தார். அந்தச் சாவு நமக்கு உரைப்பது ஒன்றுதான்: நன்மைக்கென்று எழுப்பிய மதிலுக்குள்ளும் தீமை நுழையும். மதிலுக்குள் என்ன நடக்கிறதென்று இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருப்பவர் உலகில் இருவரே, பெற்றவளும் பெற்றவனும். அவர்களை விலக்கிவைப்பது பிள்ளையின் காவலரையே விலக்கிவைப்பதாகும்.

களவு கொடுத்தவருக்கு நீதி வேண்டாமா என்பர். வேண்டும்! செல்பேசி பறிகொடுத்தவரும் பெரும்பாலும் நம்மைப் போன்ற உழைப்பாளியே. அவர் வழக்கு விரைந்து முடியட்டும் என்றுதான் சட்டம் நான்கு மாதம் விதித்தது. இழுத்தடிப்பதால் அவருக்கும் நன்மையில்லை, அடைபட்டவனுக்கும் நன்மையில்லை. மாளிகைப் பிள்ளை தவறினால் மறுநாளே வழக்கறிஞர் வருகிறார். மருத்துவர் சான்று வருகிறது. பள்ளி முதல்வரின் நற்சான்று வருகிறது. பிள்ளை வீட்டுக்கு வருகிறான். குடிசைப் பிள்ளை தவறினால் வாய்தா வருகிறது; இன்னொரு வாய்தா வருகிறது; பிள்ளை வருவதில்லை. சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். கேட்கத் தெரிந்த பெற்றோர் ஒருவனுக்கு உண்டு. மற்றவனுக்கு, கேட்கலாம் என்றே தெரியாத பெற்றோர். இந்த இடைவெளியை நிரப்பத்தான், தோழா, இயக்கம் என்ற ஒன்று இருக்கிறது!

ஆகவே உனக்கு ஒரு வேலை தருகிறேன். மாநாட்டுக்குக் கொடி கட்டும் வேலையைப் போல் மேளதாளம் இதற்கில்லை. படம் எடுக்கவும் ஆள் வரமாட்டார். ஆனாலும் செய். உன் படிப்பகத்துச் சுவரில், நாளிதழ் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் இவற்றை எழுதி வை.

பிடிபட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்; காவல் நிலையக் கொட்டடியிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. பிள்ளைக்கு வழக்கறிஞர் இலவசம். வருமானச் சான்று கேட்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அமர்த்தித் தரும். அறிக்கையின் சாரத்தைப் பெற்றோருக்குத் தெரிவிக்கவும், அதற்கு எதிராகச் சான்று காட்ட இடம் தரவும் 99 ஆம் பிரிவு குழுமத்துக்கு வழி திறந்திருக்கிறது, கேட்டுப் பெறு. உத்தரவால் பாதிக்கப்பட்ட எவரும் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே உயர்நீதிமன்றம் இருக்கிறது. சிறப்பு இல்லத்தில் இருக்கும் பிள்ளையை, காலம் முடியுமுன்பே பெற்றோரிடம் அனுப்பலாமா என்று 97 ஆம் பிரிவின்படி குழுமம் எண்ணிப் பார்க்கலாம். நன்னடத்தை அலுவலரின் அறிக்கை அதற்கு உதவும். அவரைப் போய்ப் பார்.

இன்னொன்றும் எழுது. தேர்வு வந்தால், உறவில் திருமணம் வந்தால், சாவு நேர்ந்தால், பெற்றவர் நோயில் வீழ்ந்தால், பிள்ளைக்கு விடுப்புக் கேட்கலாம். பொதுவாக ஏழு நாள்வரை, பயண நாள் நீங்கலாக. இது 98 ஆம் பிரிவு. இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் தெரியுமா? அந்தப் பூக்காரியின் தாய், பையனின் பாட்டி, அவன் உள்ளேயிருந்த மூன்றாம் மாதத்தில் இறந்துபோனாள். அவனை மடியில் வைத்து வளர்த்தவள். கடைசிவரை பேரன் பெயரைச் சொல்லிக்கொண்டே கிடந்தாளாம். விடுப்புக் கேட்கலாம் என்று இந்தத் தாய்க்கு எவரும் சொல்லவில்லை. பாட்டியின் சாவுச் செய்தி பேரனுக்குப் போனது எட்டு நாள் கழித்து. சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவு பத்திரமாக இருந்தது!

அந்தப் பையன் என்னவானான் என்று கேட்பாய். அறிக்கையின் சாரம் தெரிந்ததும் தோழர் மறுமொழி எழுதிக் கொடுத்தார். அதிகாலை மூன்றரை மணிக்குப் பூச்சந்தைக்குச் சென்று ஏழு மணிக்குள் திரும்பிவிடுபவள் இவள் என்று தெருவார் நால்வர் சொன்னார்கள். மகனை மீண்டும் சேர்த்துக்கொள்வதாகப் பள்ளித் தலைமையாசிரியர் எழுதித் தந்தார். குழுமத்தார் தாயை அழைத்து, அமரச் சொல்லி, கால் மணி நேரம் கேட்டார்கள். அன்றைக்கே, நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில், தாயின் பொறுப்பில் பையனை விட்டார்கள். அவர்கள் கல்நெஞ்சர் அல்லர், தோழா! கேட்டார்கள், விட்டார்கள். அந்தக் கால் மணி நேரம் முதல் வாய்தாவிலேயே கிடைத்திருந்தால் நான்கு மாதம் மிஞ்சியிருக்கும். பாட்டியின் முகத்தைப் பார்த்திருப்பான்.

அவனை அழைத்துக்கொண்டு பேருந்து நிலையம் சென்றாள் தாய். வழியனுப்ப நாங்களும் சென்றோம். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பேருந்து கிளம்பும் நேரத்தில் மஞ்சள் பையிலிருந்த தாள்களை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இது இனிமே வேணாம்ல தம்பி?" என்றாள். வைத்துக்கொள் அம்மா, வழக்கு இன்னும் முடியவில்லை என்றேன். திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

உன் ஊரிலும் ஒரு மஞ்சள் பை இருக்கும், தோழா. அடுத்த வாய்தா என்றைக்கு என்று கேட்டு வை. அன்றைக்கு நீ அவளோடு போ.